மேலே வைத்த நற்சாட்சி

மருந்துப் போத்தல் ஒன்றுதான் எனக்கு அந்த யோசனையைக் கொடுத்தது. போத்தல்கூட இல்லை, போத்தலின் படம்.

என் அப்பா பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொரை பங்களாவின் அப்பு. சமையலும் அவர் கையில், மற்ற வேலையாட்களை மேய்ப்பதும் அவர் பொறுப்பு. தொரை படித்து முடித்த கொழும்புப் பேப்பர் சில நாள் கழித்துக் குசினிக்கு வரும், அலமாரித் தட்டுகளில் விரிப்பதற்கு. பதுளைப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பையும் முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த எனக்கு அந்த அலமாரிதான் வாசிகசாலை. சீனி டப்பாவைத் தூக்கினால் கப்பல் வருகிற செய்தி, மாவு டப்பாவைத் தூக்கினால் சீமையில் யாரோ செத்த செய்தி. அப்படி ஒரு காலையில் ஜாம் போத்தல்களை நகர்த்தியபோது, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு இரண்டாம் கிளாக்கர் தேவை என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். சொந்தக் கையெழுத்தில் மனு எழுத வேண்டும், நற்சாட்சிக் கடிதங்கள் இணைக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு மருந்து விளம்பரம். பித்தம் தணியும், பசி எடுக்கும், தூக்கம் வரும் என்று வரிக்கு ஒன்றாக, வெட்கமே இல்லாமல் அந்த மருந்து தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குச் சுரீரென்றது. ஒரு கஷாயம் தன்னால் என்ன முடியும் என்று சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்லக் கூடாதா?

நம் ஆட்கள் வேலை கேட்டு எழுதுகிற மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரசாங்கக் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். மகா கனம் பொருந்திய துரையவர்களின் திருப்பாதங்களில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, அப்புறம் வயதான தாய் தகப்பன், அப்புறம் கல்யாணம் ஆகாத தங்கச்சிகள், கடைசியில் துரையவர்களின் பிள்ளைகுட்டிகள் நீடூழி வாழப் பிரார்த்தனை. தங்கச்சியே இல்லாதவனுக்கும் அந்த மனுவில் நாலு தங்கச்சி இருப்பார்கள். கும்பிட்டு முடிப்பதற்குள் தாள் தீர்ந்துவிடும். ஆள் கூட்டல் கணக்குப் போடுவானா, தராசு பிடிப்பானா என்று ஒரு சொல் இருக்காது.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். வரிக்கு ஒரு சங்கதி. இங்கிலீஷ் பேசவும் எழுதவும் தெரியும். தமிழும் சிங்களமும் தெரியும். கொழுந்து நிறுத்து, கழிவு போக மொத்தம் போடத் தெரியும். செக்ரோல் என்கிற ஆள்வரவுப் பேரேடு எழுதுவதைப் பார்த்துப் பழகியிருக்கிறேன், ஒரு மாதத்தில் தனியாக எழுதுவேன். குடிப்பதில்லை. மழையில் நடக்க அஞ்சுவதில்லை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதை மூன்று தரம் திருத்தி எழுதிவிட்டு, பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற முதலாளியின் மகனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

அவன் தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தான். "நல்லாத்தான் இருக்கு மச்சான். அடியில ஒரு வரி சேர்த்துக்க. குலுக்கிவிட்டுக் குடிக்கவும்னு."

"போடா."

"இல்லடா, நெசமாத்தான் சொல்றேன். எங்க வாப்பா இதைப் படிச்சா உன்னைக் கடையில ஏத்துக்குவார். தொரை ஏத்துக்குவாரான்னு கேக்காத."

அப்பாவிடம் காட்டியபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, உருளைக்கிழங்கு தோல் சீவுகிற கத்தி நின்றுவிட்டது.

"என்னடா இது, வேலை கேக்குற கடுதாசியா, உத்தரவு போடுற கடுதாசியா? ஒரு கும்பிடு இல்ல?"

"கும்பிடுறவன் ஆயிரம் பேர் இருக்கான்ப்பா. கணக்குத் தெரிஞ்சவன் வேணும்னுதானே கேட்டிருக்காங்க?"

"தொரைக்கு நீ யாருன்னு தெரிய வேணாமா? உனக்காக யாரு பேசுறது?"

பங்களா வேலைக்காரர்களின் உலகம் அப்படி. அப்பாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அவர் வேலை பார்த்த ஒவ்வொரு தொரையும் போகும்போது எழுதிக் கொடுத்த நற்சாட்சிகள் அதற்குள் வாழையிலைச் சருகுபோல் மடிந்து கிடக்கும். புதுத் தொரை வந்தால் அப்பா வாயைத் திறக்க மாட்டார், டின்னைத்தான் திறப்பார். ஒரு வெள்ளைக்காரர் எழுதியதை இன்னொரு வெள்ளைக்காரர் படிப்பார், வேலை கிடைத்துவிடும். இதைத் தவிர வேறு வழியில் யாருக்கும் வேலை கிடைத்து அவர் பார்த்ததில்லை. அன்று மாலை டீ கொண்டுபோய் வைத்தபோது தொரையிடம் கேட்டு எனக்கும் ஒன்று வாங்கி வந்துவிட்டார்.

படித்துப் பார்த்தேன். இந்தப் பையன் என் சமையல்காரனின் மகன். தகப்பன் பல வருஷமாக என்னிடம் உண்மையாக உழைக்கிறான், அவன் செய்யும் புட்டிங்குக்கு ஊவா மாகாணத்திலேயே ஈடில்லை. பையனைச் சிறு வயது முதல் அறிவேன். சுத்தமானவன், அடக்கமானவன், எதையும் திருடியதில்லை. இவ்வளவுதான்.

"இதுல என் படிப்பைப் பத்தி ஒண்ணுமே இல்லையேப்பா."

"படிப்பை நீ எழுதியிருக்கியே. இது தொரை வாக்கு. இதை மேல வை. எந்தத் தொரையும் இன்னொரு தொரை எழுதினதைத்தான் முதல்ல படிப்பார்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழ் அடியில், என் அரைப் பக்கம் நடுவில், தொரையின் நற்சாட்சி மேலே என்று அடுக்கி ஊசி குத்தி அனுப்பினேன்.

பதில் வந்துவிட்டது. அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லி இரண்டே வரி. நான் குதித்த குதியில் குசினிப் பூனை ஓடிப்போயிற்று.

அந்த ஒரு வாரம் துணிக்கடையின் பின்கட்டில் ஒத்திகை நடந்தது. என் சிநேகிதன் தொரையாகத் துணி பேலின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வான். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். தொப்பி அவனுடைய அண்ணனுடையது. சப்பாத்தும் அவருடையதுதான், பெரிது. விரல் பக்கம் பஞ்சு அடைத்திருந்தேன்.

"முந்தின வேலையை ஏன் விட்டாய்?" இங்கிலீஷில், மூக்கால் கேட்டான்.

"முந்தின வேலை இல்லை ஐயா."

"அப்ப உன்னை யாருடா துரத்தினது?" அவசரத்தில் தமிழுக்கு வந்துவிட்டான்.

"சிரிக்காமக் கேளு."

"சரி சரி. நூத்தி இருபது பேர் கொழுந்தெடுக்கப் போனாங்க, கங்காணி நூத்தி முப்பதுன்னு எழுதச் சொல்றான். என்ன செய்வாய்?"

இதற்கு இரண்டு நாள் யோசித்துப் பதில் தயார் செய்தேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆள் எண்ணுவது, கொழுந்து நிறுவையில் எண்ணுவது, இரண்டையும் ஒத்துப் பார்ப்பது என்று மூன்று படியாக இங்கிலீஷில் நெட்டுருப் போட்டேன். சப்பாத்தோடு போவதா, வெறுங்காலோடு போவதா என்பதற்குத்தான் ரொம்ப நேரம் சண்டை. தொரை முன்னால் தோட்டத்து ஆள் சப்பாத்துப் போட்டால் திமிர் என்பார்கள். கிளாக்கர் போடாமல் போனால் கிளாக்கர் மாதிரி இருக்காது. "நீ கிளாக்கரா, தோட்டத்து ஆளா?" என்று கேட்டான் அவன். போட்டுக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

பண்டாரவளை வரைக்கும் வண்டி, அங்கிருந்து ரயிலில் அப்புத்தளை. ஸ்டேஷனில் இறங்கியபோது பனி மூட்டத்தில் எதிரே நின்றவன் முகம் தெரியவில்லை. மலைப்பாதையில் ஏறி, சப்பாத்தில் சேறு படாமல் கல் கல்லாகத் தாண்டித் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்து மனிதர், என் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தைப் பார்த்தார்.

"உம்மைப் பங்களாவுக்கு அனுப்பச் சொல்லித் தொரை சொன்னவர். நேரே மேலே போம்."

பங்களாவிலேயே நேர்முகம்! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இரண்டாம் கிளாக்கரை யாராவது பங்களாவில் வைத்துப் பார்ப்பார்களா?

தொரை முன் வராந்தாவில் நாய்க்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். என் காகிதங்கள் கூடை நாற்காலியில் கிடந்தன. மேல் தாளை எடுத்து ஒரு தரம் பார்த்தார்.

"உன் அப்பன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா?"

"ஆமாம் ஐயா."

"அந்தப் புட்டிங் நான் சாப்பிட்டிருக்கிறேன். குதிரை ரேஸ் வாரத்தில். உனக்குச் செய்யத் தெரியுமா?"

இது சும்மா பேச்சு, அசல் கேள்விகள் பின்னால் வரும் என்று நினைத்து, "தெரியும் ஐயா" என்று சொல்லிவிட்டேன். அங்கே தொலைந்தது.

"நல்லது. பின்பக்கம் போய் என் அப்புவைப் பார். அவனுக்கு வயதாகிவிட்டது, உதவிக்கு ஒரு நல்ல குடும்பத்துப் பையன் வேண்டும் என்று தொரைசானி கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். மாதப் பிறப்பில் வந்துவிடு."

"ஐயா, நான் கிளாக்கர் வேலைக்கு எழுதியிருந்தேன். இரண்டாவது தாளில் இருக்கிறது" என்று எப்படியோ சொன்னேன்.

"இரண்டாவது தாள் வேறு இருக்கிறதா?"

ஊசியைக் கழற்றாமலே மேல் தாளை மடக்கிப் பார்த்தார். இரண்டு வரி படித்திருப்பார். "நல்ல கையெழுத்து," என்றார். "வண்ணானுக்குப் போடுகிற துணிக் கணக்கைத் தொரைசானிக்கு எழுதிக் கொடுக்கலாம்." மறுபடி நாயின் காதைப் பிரித்தார். நேர்முகம் முடிந்துவிட்டது.

பின்பக்கம் போனேன். போகாமல் திரும்பியிருக்கலாமே என்று பிறகு சிநேகிதன் கத்தினான். தொரை போகச் சொன்னால் கால் தானாகப் போகிறது, என்ன செய்ய? குசினிப் படியில் சப்பாத்தைக் கழற்றியபோது பஞ்சு வெளியே வந்து விழுந்தது. அங்கிருந்த அப்பு அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அடடே, வாடா! உங்க அப்பனும் நானும் நுவரெலியாவுல ஒரே பங்களாவுல அடுப்புப் புகை குடிச்சவங்க. உக்காரு. கஸ்டர்ட் திரிஞ்சா என்ன செய்வே?"

"சட்டியப் பச்சத் தண்ணியில எறக்கி வச்சு விடாம அடிக்கணும்," என்று வாய் சொல்லிவிட்டது.

"சொல்லாம ரெண்டு விருந்தாளி வந்துட்டாங்க. கோழி ஒண்ணுதான். என்ன செய்வே?"

"கறியை மெல்லிசா அரிஞ்சு, கீரையும் வறுத்த ரொட்டியும் சுத்தி நெறைய அடுக்கணும். சூப்பைக் கெட்டியாக் குடுக்கணும்."

அவர் தொடையில் தட்டிக்கொண்டார். "அப்பன் பேரைக் காப்பாத்துவே!"

எனக்கு அழுகை வந்தது. கங்காணி எண்ணிக்கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒருவாரம் ராப்பகலாகப் படித்த பாடத்தில் ஒரு கேள்வி வராமல், குசினியில் சும்மா நின்று காதில் விழுந்ததிலெல்லாம் நான் தேறிவிட்டேன்.

இறங்கி வரும்போது ஆபீசு ஜன்னலில் தலையை நீட்டிப் பெரிய கிளாக்கரைக் கேட்டேன். இரண்டாம் கிளாக்கர் வேலைக்கு ஆள் எடுத்தாயிற்றா?

"இன்னும் இல்லைத் தம்பி. உம்மடை மனு என்ரை கைக்கு வரவேயில்லை. அது பங்களா ஆளின்ரை எண்டு தொரை தனியா எடுத்து வைச்சிட்டார். சமையற்காரனைப் பற்றின நற்சாட்சி மேலே கிடந்தால் அவர் வேறென்னெண்டு நினைக்கிறது?" அவர் சொன்னதில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சந்தோஷப்பட்டார்! நிஜமாகவே. தோட்டக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னார், பால்காரனிடம் சொன்னார்.

"கிளாக்கருக்கு என்னடா இருக்கு? விடியும் முன்ன மழையில நின்னு பெரட்டுக்குப் பேர் கூப்பிடணும். அந்த அப்புவுக்கு வயசாயிடுச்சு. கொஞ்ச நாள்ல நீதான் அங்க அப்பு. நல்ல சாப்பாடு, நல்ல எடம்."

"நான் எதுக்குப்பா பின்வாசல்ல நுழையணும்?"

"நான் நுழைஞ்சேன்ல."

அவர் போய் அடுப்பில் ரொட்டியைத் திருப்பினார். அதைத் திருப்ப வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை என்று எனக்கும் தெரியும்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. மாதப் பிறப்புக்குள் அப்புத்தளைக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. வரமாட்டேன் என்றால் என் அப்பாவுக்காக அவருடைய தொரை எழுதியதை நான் அவமதித்ததாகிவிடும். வருகிறேன் என்றால் நான் அப்புவின் கைக்கு உதவியாள், அவ்வளவுதான். இரண்டில் எதை நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றியது. என் தாளில் ஒரு பொய் இல்லை, ஒரு மிகை இல்லை. யாரும் படிக்கவில்லை. அது மோசமான தாள் என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று துணிக்கடையில் உட்கார்ந்து புதிதாக இரண்டு பிரதி எழுதினேன். இந்தத் தரம் யாருடைய நற்சாட்சியும் இல்லை. முகவரி பங்களா முகவரி அல்ல, துணிக்கடை முகவரி. சிநேகிதனின் வாப்பா சரி என்றுவிட்டார், கடிதம் வந்தால் கல்லாவில் வைத்திருப்பாராம். ஒரு பிரதி அப்புத்தளைப் பெரிய கிளாக்கர் பெயருக்கே போகிறது. வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று அவரே சொன்னார். தொரைக்கும் மரியாதையாகத் தனிக் கடிதம் எழுதிவிட்டேன், பங்களா வேலைக்கு வர இயலாது என்று. அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கும்பிடு போட்டிருக்கியா?" என்றார். இந்தக் கடிதத்தில் போட்டிருக்கிறேன்.

இன்னொரு பிரதியோடு திங்கட்கிழமை தெமோதரைக்கு நடக்கப் போகிறேன். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை வெட்டுகிறார்கள், ஆள் கணக்கும் நேரக் கணக்கும் எழுத ஆள் போதவில்லை என்று கடைக்கு வந்த ஓவர்சியர் ஒருவர் சொன்னார். காலையில் பெயர் கூப்பிடுகிற நேரத்துக்கே போய் நிற்க வேண்டும். தாளை நீட்டுவதற்கு முன்னால் வாயால் கேட்டுவிட வேண்டும்: ஒரு கூட்டத்து ஆட்களை ஒரு வாரம் என்னிடம் கொடுங்கள், சம்பளம் வேண்டாம், கணக்கைச் சனிக்கிழமை பாருங்கள் என்று. தகப்பன் என்ன தொழில் என்று கேட்டால் அப்பு என்று சொல்வேன். கேட்கிற வரைக்கும் கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதைத்தான் இப்போது துணி பேலின் முன்னால் நின்று பழகுகிறேன்.