கொசுப்புழு தேடிய ஞாயிற்றுக்கிழமை

பொதுச் சுகாதாரத்தில் பி.எஸ்ஸி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. காந்தி மார்க்கெட் பக்கம் போனால் தக்காளி விலை காதில் விழாது. கூடைகளுக்கு நடுவே ஓடும் சாக்கடை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். திருவெறும்பூரிலிருந்து வரும் என் சிநேகிதி எனக்கு மேல். பஸ்ஸில் சமோசா தின்றுகொண்டே வயிற்றுப்போக்கு எப்படிப் பரவுகிறது என்று ஊருக்கே கேட்கிற குரலில் விளக்குவாள். முன் சீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். பரம சந்தோஷம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சந்தோஷம் எடுபடவில்லை. பேங்கில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு நான் இதைப் படிப்பதில் ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. மழைக்காலத்தில் அம்மாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது.

"சாக்கடை சாக்கடையாத் திரிஞ்சுட்டு ஆத்துக்குள்ள வந்தா காய்ச்சல் வராம என்ன பண்ணும்? நீதாண்டி கொண்டுவந்தே."

டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடாது, நல்ல தண்ணீரில்தான் இடும் என்றேன். வாயாடுகிறேன் என்றார். அம்மா வீடு திரும்பிய பிறகும் அவர் மனசு இறங்கவில்லை. வருடம் முடிந்ததும் என்னை பி.காமுக்கு மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. மன்னார்புரத்தில் இருக்கும் அத்திம்பேர், அப்பாவின் அக்கா வீட்டுக்காரர், ஒரு காலேஜில் சொல்லிவைத்து சீட்டும் தயார். அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மேடம் கொசுப்புழு சர்வே கொடுத்தார். இரண்டு பேருக்கு ஒரு தெரு. வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரையெல்லாம் பார்த்து, கிடைக்கிற புழுவை உயிரோடு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை அவரவர் புழுவை அவரவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்ட வேண்டும். எங்களுக்கு நான் குடியிருக்கும் தெருவே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிநேகிதி டார்ச், இங்க் ஃபில்லர், ஜாம் பாட்டில் சகிதம் வந்து இறங்கினாள். கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல அத்தனை உற்சாகம். ஆனால் எங்கள் கெட்ட நேரம், முந்தின நாள்தான் கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து தெருவில் ஒரு தொட்டி விடாமல் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். துளசி மாடத்தடியில் எட்டிப் பார்த்தோம். கொல்லைப்புறத்து பக்கெட்டுகளில் டார்ச் அடித்தோம். தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்த நாங்கள் பெருமாளுக்கு எடுத்து வைத்த தீர்த்தக் குடத்தைத் தொட்டுவிடப் போகிறோமே என்று மாமிகள் வேறு கூடவே வந்தார்கள்.

"எட்டி நின்னு பாருங்கோ. மேல பட்டுடப் போறது."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் குனிந்து பார்த்தோம். ஒரு புழு இல்லை.

"எங்காத்துல அதெல்லாம் கிடையாதும்மா" என்று ஒரு மாமி பெருமையாகச் சொன்னார். பாராட்ட வேண்டிய நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டோம்.

"கொஞ்சூண்டு தண்ணிகூட எங்கயும் தேங்கலீங்களா மாமி?" என்று சிநேகிதி கெஞ்சவே ஆரம்பித்துவிட்டாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடிவந்தேன். தெரு சுத்தமாக இருக்கிறதே என்று வயிறெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

வெறும் பாட்டிலோடு எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா சாத்தமுதும் சாதமும் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது சிநேகிதி கேட்டாள், "உங்க வீட்டைப் பாக்கவே இல்லியே?"

"எங்காத்துலயா? எங்கம்மா சொம்புத் தண்ணியைக்கூட மூடி வெக்கறவடி."

"ஃபிரிட்ஜ் பின்னாடி தட்டு இருக்குமே?"

ஃபிரிட்ஜிலிருந்து வடிகிற தண்ணீர் அந்தத் தட்டில்தான் சேரும். அதில் கொசு முட்டையிடும் என்று படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். எங்கள் ஃபிரிட்ஜுக்கும் பின்பக்கம் ஒன்று உண்டு என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. அப்பா அதைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். இரண்டு பேரும் தம் கட்டி இழுத்தோம். டார்ச் வெளிச்சம் பட்டதும் தட்டுத் தண்ணீரில் ஒரு கூட்டமே நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடியது.

"கிடைச்சுடுத்து!" என்று கத்தினேன். கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

"எவ்வளவுடி! எல்லாம் குண்டு குண்டா இருக்குடி!" என்று அவள் ஃபில்லரால் உறிஞ்சி உறிஞ்சி பாட்டிலில் விட்டாள். எங்களுக்கு ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே அப்பாவும் வந்தார்.

"என்னடி இது கூத்து?"

பல்லெல்லாம் தெரியப் பாட்டிலை நீட்டினேன். "கொசுப்புழுப்பா! நம்மாத்து ஃபிரிட்ஜ்லேர்ந்து!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சிநேகிதி குதிப்பதை நிறுத்தினாள்.

அப்பா பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது அந்தக் கொசுவா?"

"மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்ப்பா. ஆனா ஆத்துக்குள்ள, நல்ல தண்ணியில இருக்கு. அதுவாத்தான் இருக்கும்."

வேறு நாளாக இருந்தால் அப்பாவை ஒரு பிடி பிடித்திருப்பேன். அம்மா காய்ச்சலில் இளைத்து வளையல் நழுவுகிற கையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டை அவரே கழற்றி எடுத்துப்போய், மொட்டை மாடி வெயிலில் கொட்டித் தேய்த்துக் கழுவினார். நெடுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் அத்திம்பேர் போன் பண்ணினார். சீட்டு விஷயம்தான். நான் ஹாலுக்கும் போகாமல், உள்ளேயும் போகாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம் அத்திம்பேர். அவ இதையே படிக்கட்டும்" என்றார் அப்பா. அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. அப்பா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"காய்ச்சலை அவ கொண்டுவரலை. ஆத்துக்குள்ளயே நான்தான் வளர்த்துண்டிருந்திருக்கேன்."