குத்துவிளக்கில் கபாசிட்டர்

மலேசியாவில் சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கும் காமினி டீச்சருக்கு அறிவியல் கைவேலை என்றால் உயிர். பள்ளிக் கண்காட்சி வந்தால் போதும், பிள்ளைகள் செய்த கார்களில் பாதி பேட்டரி செத்துக் கிடக்கும். அந்த எரிச்சலில்தான் அவள், பேட்டரிக்குப் பதிலாக மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சூப்பர் கபாசிட்டரைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். போன் சார்ஜரில் அரை நிமிடம் மாட்டினால் மின்சாரம் ஏறிவிடும்; ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினாலும் அசராது. என்ன, சீக்கிரம் தீர்ந்துவிடும். பொம்மைக் காருக்கு அது போதாதா?

அவள் புருஷன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு கல்யாண வீடுகளில் சீர்தட்டு தூக்க அவளைக் கூப்பிடுவாரில்லை. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலே ஒதுக்கத் தெரிந்த சனம் நம் சனம்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுத்த ஏசி மண்டபத்தில் நெருப்பு கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளை வைத்து மின்சாரக் குத்துவிளக்கு ஒன்று செய்யும்படி தலைமையாசிரியை மோகனா காமினியிடம் கேட்டார்.

"செய்யப்போறது நீங்கதானே டீச்சர். மேடையில விளக்குப் பக்கத்துல நீங்களே நில்லுங்க."

வீட்டுக்குப் போனதும் காமினி பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். போடும்போதே அழுகை வந்துவிட்டது.

ஐந்து முகத்திலும் குட்டி பல்பு, அடியில் கபாசிட்டர். பத்து நிமிடம் எரியும், பிள்ளைகள் செய்ததை எல்லாரும் பார்த்துவிடுவார்கள், அது போதும் என்பது அவள் கணக்கு. ஏற்றிய விளக்கு விழா முடியும்வரை அணையக்கூடாதே என்று பாவி மகளுக்குத் தோன்றவேயில்லை.

விழாவுக்குத் தலைமை தாங்க வந்த, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது, மண்டபமே கைதட்டியது. அப்புறம் மைக்கைப் பிடித்த மனுஷன் விட்டால்தானே! தமிழ்ப்பள்ளி, பண்பாடு, சின்ன வயதில் தான் பட்ட கஷ்டம் என்று போய்க்கொண்டே இருந்தார். விளக்கு மங்கத் தொடங்கியது. சார்ஜர் காமினியின் கைப்பையில்தான் இருந்தது. அரை நிமிட வேலை. அவள் அதை எடுத்துக்கொண்டு குனிந்தபோது மோகனா வேண்டாம் என்று தலையசைத்தார். டத்தோ பேசும்போது குறுக்கே வயரைத் தூக்கிக்கொண்டு போவதாவது! பாழாய்ப்போன மரியாதை. அவள் அப்படியே நின்றாள். விளக்கு அணைந்தது.

முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

"யாரைக் கொண்டுபோய் விளக்குப் பக்கத்துல நிப்பாட்டியிருக்காங்க பாரு லா."

மறுவாரம் காமினி மோகனாவின் அறைக்குப் போய், கபாசிட்டரில் மின்சாரம் எப்படி இறங்கும் என்று படம் போட்டுக் காட்டினாள். மோகனா பொறுமையாகக் கேட்டார். புரிகிறது, உங்கள் மேல் தப்பே இல்லை என்றார். அவருக்கு மெய்யாகவே புரிந்திருந்தது. ஆசிரியர் தின விழாவில் அதே விளக்குக்குப் பேட்டரி போட்டார்கள். கடைசிவரை நன்றாக எரிந்தது. காமினிக்குக் கேண்டீனில் மீகூன் சேமியா பரிமாறும் வேலை கொடுத்திருந்தார்கள். விளக்குப் பக்கத்தில், போன மாதம் கல்யாணமான புது டீச்சர் நின்றாள்.