கோ சொன்னதும் எழ வேண்டும்

வேலம்பாளையம் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் நான் உடற்கல்வி ஆசிரியை. மைதானத்தைச் சுற்றி ஓடு, கையைத் தூக்கு, இறக்கு என்று பாடம் நடத்துவது எனக்குப் பிடிக்காது. விளையாட விட்டால் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும் என்று முதல்வரோடு சண்டை போட்டுத்தான் அந்த வகுப்பை என் வழிக்குக் கொண்டுவந்தேன். என்ன ஆடலாம் என்று கேட்டால் போதும், பெண்கள் ஒரே குரலில், "கோ கோ ஆடலாமுங்க மேடம்" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த ஆட்டங்களிலேயே உட்கார இடம் தருவது அது ஒன்றுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

பாதிப் பேர் கல்லூரி விட்டதும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். செக்கிங்கில் நின்றபடியே துணியைப் புரட்டிப் பிசிறு வெட்ட வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. என் வகுப்புதான் அவர்களுக்கு ஓய்வு. எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர்களில் ஒருத்தி இரண்டாம் ஆண்டு. பின்னாலிருந்து முதுகைத் தட்டி "கோ" சொன்னால், அவள் எழுந்ததே கண்ணில் படாது. அதற்குள் எதிரணிக்காரியைத் தொட்டிருப்பாள். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம். கம்பெனி பக்கம் போகாமலே படித்து முடித்துவிடலாம். அந்த ஆசை அவளைவிட என்னைத்தான் பேயாகப் பிடித்திருந்தது.

அணித் தேர்வு உடுமலைப்பேட்டையில். "முந்தின நாளாவது லீவு போடு கண்ணு" என்றேன்.

"அன்னிக்கு சிப்மெண்ட்டுங்க மேடம், விடியறதுக்குள்ள சரக்கு அனுப்போணும். லீவு கேட்டா இனி வரவே வேண்டாம்னுடுவாங்க. டீம்ல எடம் கெடைக்கலீன்னா, அப்பறம் நான் எங்கீங்க போறது?"



பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். காற்றாலைகள் தெரியத் தொடங்கியும் எழுப்ப மனசு வரவில்லை. இறங்கியதும் முகம் கழுவிக்கொண்டு, மற்றவர்களோடு வரிசையில் போய்க் குந்தினாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் துரத்தி வந்தவள் அவள் முதுகைத் தட்டி, "கோ!" என்றாள். அவள் எழவில்லை. மறுபடி தட்டினாள். "ஏய், கோ!" முழங்காலில் தலை கவிழ்ந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நேரம் முடிந்ததற்கு விசில் ஊதினார்கள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் விழித்தாள். விழித்த வேகத்தில் எழுந்து ஓடினாள். அவ்வளவு அழகாக அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கோட்டுக்கு வெளியே குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எதிரணிப் பெண்ணைத் தொட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"புடிச்சுட்டனுங்க மேடம்!"

முகமெல்லாம் சிரிப்பு. தேர்வாளர் அதற்குள் எழுந்து போய்விட்டார். கை தட்டினேன். வேறென்ன செய்ய?