றொவீனா திரும்ப எடுத்துப் பார்த்த கண்ணாடித் தகடு

மட்டக்களப்பு நகரில் பிறந்து வளர்ந்த பறங்கிப் பெண் றொவீனா, ஆஸ்பத்திரி ஆய்வுகூடமொன்றில் பத்தொன்பது வருடங்களாக உடற்கலங்களைப் பார்ப்பவள். உடம்பிலிருந்து எடுத்த நீரைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்துக் குறிப்பு எழுதுவாள். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் டொக்டர் பர்ஸானா.

மாசி மாதம் மண்டூர் விவசாயி கந்தப்போடியின் வயிற்றிலிருந்து எடுத்த நீர் வந்தது. வயிற்றுவலி, வயிற்றோட்டம், நாலு மாதத்தில் பதினொரு கிலோ மெலிவு. நீரில் நிணநீர்க் கலங்கள் நிறைய இருந்தன. கசநோயிலும் அப்படித்தான் இருக்கும். 'கசநோயாக இருக்கலாம்' என்று றொவீனா எழுதினாள். கந்தப்போடிக்குக் கசநோய்க் குளிசை தொடங்கினார்கள்.

இரண்டு மாதம் குளிசை குடித்தும் வயிறு மறுபடி வீங்கியது. ஸ்கேனில் சிறுகுடல் சுவர் ஓரிடத்தில் தடித்திருந்தது. புதிதாக எடுத்த நீரை றொவீனா பார்த்தாள். ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நின்றன கலங்கள். வழமையான நிணநீர்க் கலத்தைவிடப் பெரியவை. அவற்றின் உட்கருக்கள் மடிந்து கசங்கியிருந்தன. அலுமாரியைத் திறந்து மாசி மாதத் தகட்டை எடுத்தாள். அதன் ஓரத்திலும் அதே கலங்கள், ஏழோ எட்டோ.

"மெடம், இது அப்பவே இருந்திருக்கு. நான் விட்டுட்டன்."

டொக்டர் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். "நானுந்தானே சைன் வெச்சன், றொவீனா. முதல்ல இதக் கொழும்புக்கு அனுப்புவம்."

பன்னிரண்டு நாளில் முடிவு வந்தது. சிறுகுடலில் அரிதாக வரும் நிணநீர்ப் புற்றுநோய். பழைய அறிக்கையைத் திருத்தி இருவரும் ஒப்பமிட்டார்கள்.

நோயாளியிடம் சொல்வது டொக்டர்மார் வேலை. ஆனாலும் பர்ஸானா வார்டுக்குப் போனபோது றொவீனாவும் கூடப் போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கந்தப்போடி தன் மகள் யசோதினியைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு மாசமும் குடிச்ச குளிசை சும்மாவா, புள்ள?"

"ஓம் ஐயா," என்றாள் றொவீனா. "முதல் பார்த்தது நான்தான். எனக்குத் தவறிட்டு."

யசோதினியின் முகம் சிவந்தது. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். கிழவர் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

"இதுக்கு மருந்து இரிக்கா?"

"இரிக்கு. கடுமையான மருந்து. எல்லாருக்கும் கேட்கும் எண்டு சொல்ல ஏலாது," என்றார் டொக்டர்.

"அப்ப தொடங்குங்க."

ஆறு தவணை மருந்தில் தலைமயிர் கொட்டியது, குடற்சுவர்த் தடிப்புக் குறைந்தது. அந்தப் பெரும்போகத்தில் வயல் வட்டைக்குப் போய் விதைப்பைப் பார்த்தவள் யசோதினி. நோய் திரும்பாது என்று இன்னும் எவரும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை தகப்பனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். போன தடவை ஆய்வுகூட வாசலில் நின்று, "மிஸ், இந்த முறையும் நீங்களே பாருங்க," என்றாள்.

றொவீனா தகட்டைப் பார்த்து முடித்து, இன்னொருவரையும் பார்க்கச் சொன்னாள்.