மஞ்சள் துணியில் இருந்த ரூபாய்

நான் சேர்ப்பது ஒரு ரூபாய்க் காசுகளை மட்டும். ராஜா காசு, வெள்ளைக்காரன் காசு என்று பெரிய ஆட்கள் சேர்ப்பதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. மூணாறில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை, குடியிருப்பு லயத்து வீட்டில். அந்த வரிசை வீட்டில் பீரோ வைக்கவே இடம் கிடையாது, இதில் மியூசியமா வைக்க முடியும்? அதனால் ஒரு ரூபாய். காசில் வருஷத்துக்குக் கீழே உற்றுப் பார்த்தால் எந்த ஊரில் அடித்தது என்று தெரிந்துவிடும். புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சின்னதாக வைர வடிவம் என்றால் மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இதைக் கேட்டு எங்கள் ஃபாக்டரியில் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும். டீக்கடையில் மீதி வாங்கினால் மற்றவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள், நான் திருப்பிப் பார்ப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆல்பத்தில், தானியக் கதிர் படம் போட்ட பழைய சின்ன ரூபாய்களுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். அதில் ஒரே ஓர் இடம் பல வருஷமாகக் காலி. புள்ளி வைத்த ஒரு வருஷம் எங்கே தேடியும் அகப்படவில்லை. பஸ் கண்டக்டர், மீன்காரர், சர்ச் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது போல, ஆல்பத்தைத் திறந்தால் கண் அந்த இடத்துக்குத்தான் போகும்.

அந்தக் காசு என் வீட்டுச் சாமி தட்டில் மூன்று வருஷமாக இருந்திருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஃபாக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டேன். எஸ்டேட் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள் என்பார்கள், எனக்கு நினைவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் மனைவி முருகனுக்கு நேர்ந்துகொண்டு, ஒரு ரூபாயை மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து வைத்தாள். நான் பிழைத்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் முருகன் மலைக்கு நாங்கள் இருவரும் போய் அதை உண்டியலில் போட வேண்டும். நான் பிழைத்துவிட்டேன். ஆனால் போவது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் மகள் கல்யாணம், ஒரு வருஷம் மனைவிக்கு முட்டுவலி, ஒரு வருஷம் எனக்கு லீவ் இல்லை.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க நான்தான் சாமி தட்டை இறக்கினேன். முடிச்சு தளர்ந்து காசின் விளிம்பு வெளியே தெரிந்தது. கை சும்மா இருக்குமா? திருப்பிப் பார்த்தேன். அந்த வருஷம். அதன் கீழே புள்ளி.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் உயிருக்காக முடிந்த காசு என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் மனசு உடனே ஒரு நியாயம் கண்டுபிடித்துவிட்டது. சாமிக்கு நேர்ந்தது ஒரு ரூபாய். வேறொரு ரூபாயை வைத்தாலும் ஒரு ரூபாய்தானே? முருகன் என்ன லென்ஸ் வைத்தா பார்க்கப்போகிறார்? சட்டைப் பையில் இருந்த புது ரூபாயைத் துணிக்குள் வைத்து முடிந்தேன். பழையதை ஆல்பத்தில் செருகினேன். பக்கம் நிறைந்துவிட்டது. மனைவியிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதமே பாலக்காட்டில் பெரிய நாணயக் கண்காட்சி என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நிறைந்த பக்கத்தை விஷயம் தெரிந்த நாலு பேர் பார்க்க வேண்டாமா? மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை, அங்கிருந்து பொள்ளாச்சி, பிறகு பாலக்காடு என்று பஸ் மாறி மாறிப் போனேன். ஊருக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில் மச்சான் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் ஆல்பத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கண்காட்சிக்குக் கிளம்பினேன்.

அது ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கக் காசுகள் இருந்தன, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. கீழே சுவரிலிருந்து சுவர் வரை மேஜைகள். மைக்கில் ஒருவர் மலையாளத்தில் மூச்சுவிடாமல் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார். எனக்கு மலையாளம் பேச்சு வரும், ஆனால் அந்த வேகத்தில் வந்தால் அம்மா சத்தியமாக ஒன்றும் புரியாது. எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸில் பார்த்தார்கள். நான் எந்த மேஜைக்குப் போவது, யாரிடம் ஆல்பத்தைக் காட்டுவது என்று தெரியாமல் மண்டபத்தை இரண்டு சுற்று சுற்றினேன். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு மேஜையில் அச்சு நகர்ந்து கோணலாக விழுந்த காசுகள் இருந்தன. விலை கேட்டேன். சரியாக அடித்த காசைப் போல நூறு மடங்கு சொன்னார்கள். எங்கள் ஃபாக்டரியில் ஒரு பல்சக்கரம் இப்படிக் கோணலாக வந்தால் ஸ்டோர்காரரின் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பி அனுப்புவோம். இங்கே கெட்டதுக்குத்தான் மரியாதை. தலை சுற்றியது. முப்பது வருஷம் நான் பார்த்தது வேலையா, வேறு ஏதாவதா என்று கூடச் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் ஒரு மூலையில் தமிழ் கேட்டது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பாய் மேஜை போட்டிருந்தார். பாலக்காட்டில் பலசரக்குக் கடை, காசு அவருக்குப் பொழுதுபோக்கு.

"வாங்க, உட்காருங்க. எந்தூருங்க?" என்றார். சொன்னேன். ஆல்பத்தைத் திறந்து, நிறைந்த பக்கத்தைக் காட்டி, புள்ளி வைத்த அந்த ரூபாயின் மேல் விரலை வைத்தேன். "இதுதான் பாய் கிடைக்காமல் இருந்தது."

அவர் குனிந்து பார்த்தார். "இதுங்களா?" என்றார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். "நம்மகிட்ட ஒரு டப்பா இருக்குதுங்க."

அதே வருஷம், அதே புள்ளி, டப்பா நிறைய. நான் கண்டக்டரிடமும் மீன்காரரிடமும் கெஞ்சிய காசு இங்கே பிஸ்கட் போலக் கொட்டிக் கிடக்கிறது.

"உங்களுதுல மஞ்சக் கறை ஏறியிருக்குதுங்க," என்றார் பாய். "இதுல போட்டுட்டு, பளபளன்னு நல்லதா ஒன்னு எடுத்துக்குங்க. காசெல்லாம் வேண்டாமுங்க, ஒன்னுக்கு ஒன்னு."

அப்போது என்ன யோசித்தேன் என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் யோசிக்கவில்லை. ஏற்கனவே ஒருமுறை மாற்றியாகிவிட்டது, இன்னொரு முறை மாற்றினால் என்ன? என் ரூபாயை டப்பாவுக்குள் போட்டேன். கீறல் இல்லாத ஒன்றைப் பொறுக்கி எடுத்து ஆல்பத்தில் செருகினேன். உச்சி குளிர்ந்துபோய் டீ குடிக்க வெளியே வந்தேன்.

டீ கைக்கு வந்தபோது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, வெள்ளிக்கிழமைக்கு லீவ் சொல்லிட்டீகளா?"

சொல்லிவிட்டேன் என்றேன். அந்த வெள்ளிக்கிழமைதான் மலைக்குப் போவதாக இருந்தோம்.

"அன்னைக்கு விழுந்தீகள்ல, அப்பப் போட்டிருந்த நீலச் சட்டை. அதத் துவைச்சு எடுத்து வச்சிருக்கேன். அதத்தான் போட்டுக்கிட்டு வரணும்."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரில உங்க சட்டைய என் கையில குடுத்தாக. நீங்க பொழைப்பீகளான்னு யாரும் ஒன்னும் சொல்ல மாட்டேன்னுட்டாக. சட்டப் பையில கைய விட்டேன், ஒத்த ரூபா இருந்துச்சு. அதத்தான் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அப்புறந்தான் மஞ்சத் துணிக்கு மாத்துனேன். ஒங்க நெஞ்சோட ஒட்டிக் கெடந்த காசு அது. அதே சட்டையப் போட்டு, அதே காச நீங்கதான் போடணும்னு நேந்திருக்கேன்."

டீயைக் குடித்தேனா கொட்டினேனா தெரியாது. மூன்று வருஷமாக நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. அவள் ஏதோ ஒரு ரூபாயை நேரவில்லை, அந்த ரூபாயை நேர்ந்திருக்கிறாள். அது என் பையிலேயே இருந்திருக்கிறது, அன்று நான் திருப்பிப் பார்க்காமல் விட்ட ஒரே காசு.

உள்ளே ஓடினேன். பாயின் மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர். டப்பாவுக்குள் ஆளாளுக்குக் கையை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, நல்லது கெடைக்கலீங்களா?" என்றார் பாய்.

நடந்ததைச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு டப்பாவை மற்றவர்களின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நேந்து வச்சதுங்களா? அத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?" கோபித்துக்கொண்டே மேஜையில் பேப்பரை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். "மஞ்சக் கறை இருக்குறத மட்டும் ஒதுக்குங்க."

ஒதுக்கினோம். ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு, நான்கு, எட்டு என்று வந்துகொண்டே இருந்தது. எழுத்தின் இடுக்கில், விளிம்பின் உள்பக்கத்தில், கதிருக்கு நடுவில் மஞ்சள். கடைசியில் இருபத்து மூன்று.

"எப்படி பாய் இத்தனை?"

"நமக்குச் சில்லறை கோயில்ல இருந்துதான் வருதுங்க. உண்டியல் தெறந்தா நோட்டுக் குடுத்துச் சில்லறை வாங்கியாந்துருவோம். அதுல பொறுக்குனதுதான் இதெல்லாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "உங்களுதுல ஏதாச்சும் அடையாளம் இருந்துச்சுங்களா?"

குண்டூசி முனை அளவுப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறவன் நான். அந்தக் காசைக் கையில் வைத்திருந்த இத்தனை நாளில் வருஷத்தையும் புள்ளியையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாமே என்னுடையது மாதிரி இருந்தது, எதுவுமே என்னுடையது மாதிரியும் இல்லை.

"நீங்க வெளிய போனப்ப ஒருத்தர் பத்துப் பதினஞ்சு வாங்கிட்டுப் போனாருங்க," என்றார் பாய். "அதுல போச்சோ, இதுல இருக்குதோ. இருபத்து மூணையும் கொண்டு போங்க." பளபளவென்று நான் எடுத்திருந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். மீதிக்கு இருபத்திரண்டு ரூபாயைப் போனில் அனுப்பினேன். அதற்கு மேல் ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். அவள் முட்டுவலியோடு படிக்குப் படி நின்று நின்று வந்தாள். ஒவ்வொரு படியிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உண்டியலுக்குப் பக்கத்தில் அவள் மஞ்சள் முடிச்சை என் கையில் வைத்தபோதுதான் வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொல்லி, பையிலிருந்த காசுகளை அவள் உள்ளங்கையில் கொட்டினேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் காசுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வருசத்தப் பாத்தீக. புள்ளியப் பாத்தீக. மஞ்சளப் பாக்கலியா?" என்றாள்.

அவள் முடிச்சை வாங்கி அவிழ்த்து, நான் வைத்த புது ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத பஸ்ஸுக்கு வச்சுக்கிடுங்க." பிறகு ஒரு மஞ்சள் ரூபாயை என்னிடம் நீட்டினாள். "இது யாருக்கு முடிஞ்சதோ. பொழைச்சாகளோ என்னமோ. நல்லா இருக்கட்டும்னு சொல்லிப் போடுங்க."

சொல்லிப் போட்டேன். அடுத்ததை நீட்டினாள். அதற்கும் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "ஏம்மா, மொத்தமாப் போட்டுட்டு நகருங்க," என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போட்டது ஏழாவதா எட்டாவதா என்ற கணக்கே மறந்துவிட்டது. எது என்னுடையது என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் சொன்னேன்.

இருபத்து மூன்றும் விழுந்தபிறகு அவள் வெறும் மஞ்சள் துணியை மடித்து முந்தானையில் செருகிக்கொண்டாள். நாலு படி இறங்கியதும் நின்று என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, நம்ம காசு இதுல இல்லாம அந்த ஆளு கொண்டுபோனதுல இருந்தா, அத யாராச்சும் இப்படிச் சொல்லிப் போடுவாகளா?"