ஐஸில் புதைத்த மஜ்ஜை

கோழிப்பண்ணைக்காரிக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும்தான். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் நிற்காமல் வந்த அன்றுதான் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போனோம். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: அக்யூட் லுகேமியா (வேகமாகப் பெருகும் இரத்தப் புற்றுநோய்).

மருந்து மட்டும் போதுமா, இன்னொருவரின் மஜ்ஜையை வாங்கிச் செலுத்த வேண்டுமா என்பதை இரண்டு சோதனைகள் சொல்லும் என்றார். உடன்பிறந்தவருடையதுதான் பெரும்பாலும் பொருந்துமாம்; எனக்கு அப்படி யாருமில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று கலங்கிப் போனேன்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி இரண்டு குழாய்களில் மஜ்ஜை எடுத்தார்கள். சென்னைக்கு அனுப்பும் பொறுப்பு என் கணவருக்கு. ஐஸ் வேண்டாம் என்று நர்ஸ் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் செத்த கோழியின் ஈரலை ஐஸில் வைத்து எத்தனையோ முறை ஆய்வகத்துக்கு அனுப்பியவள் நான்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? இந்த வெயில்ல கெட்டுப்போயிருங்க. ஐஸ்ல நல்லாப் புதைச்சு அனுப்புங்க" என்றேன். அவர் என் பேச்சைத் தட்டியதில்லை.

சில நாளில் டாக்டரம்மா என் கட்டிலருகே வந்தார்.

"குரோமோசோம் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை) பார்க்கிற சோதனைக்கு செல்லு (உயிரணு) உயிரோட போய்ச் சேரணும்மா. அதை வளத்து, ரெண்டாப் பிரியற நேரத்துலதான் பாப்பாங்க. உங்களோடது உறைஞ்சு செத்துப்போச்சு."

"என்னைய விட்டு வெளிய போனப்புறமும் அது உசுரோடயா இருந்துச்சுங்க?"

"ஆமாம்மா."

மெல்ல, இன்னொரு குழாயும் போயிற்றா என்று கேட்டேன்.

"அது மியூட்டேஷன் (மரபு எழுத்தில் நேர்ந்த பிழை) தேடறது. செல்லு செத்தாலும் எழுத்து இருந்தாப் படிச்சிருவாங்க. ஆனா இழையே அறுந்து இடம் மாறியிருந்தா முதல் சோதனையிலதான் நல்லாத் தெரியும். ரெண்டும் வேணும்."

ஒன்றுக்கு உயிர் வேண்டும். மற்றது செத்ததையும் படிக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்தவர்களை அந்தக் கட்டிலிலிருந்தே கும்பிட்டேன்.

மறுபடி ஊசி. இம்முறை குழாயை எடுத்துக்கொண்டு கணவரே பஸ் ஏறினார். வழியில் போன் செய்தார்.

"ஏம்புள்ள, பஸ்ஸுல ஏசி சாஸ்தி. துண்டுல சுத்தி மடியில வெச்சிருக்கறன். நல்லா இருக்குது சாமி, பயப்படாத."

என்னையே மடியில் வைத்திருப்பவர் போலச் சொன்னார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

இழைகள் தத்தம் இடத்தில் இருந்தன. எழுத்தில் ஒரு பிழை இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை. மஜ்ஜை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாதக்கணக்கில் மருந்து ஏறி, முடி கொட்டி, நாக்கில் ருசி செத்து, ஒருவழியாக வீடு திரும்பினேன். ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு புற்றுச் செல்லையும் துழாவும் நுண்ணிய சோதனையில் இதுவரை எதுவும் அகப்படவில்லை. இதைப் படிக்கும் உங்கள் கையில் குழாயைக் கொடுத்தால், தெரிந்த மாதிரி நடந்துகொள்ளாமல் கேட்டுச் செய்யுங்கள்.

கிருமி தொற்றிவிடும் என்று கோழிக் கொட்டகைக்குள் போக எனக்கு இன்னும் அனுமதி இல்லை. சமையல்தான். வெங்காயம் நறுக்கும்போது விரலில் கீறினால், முன்பு முந்தானையில் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது கை நின்றுவிடுகிறது. அந்தத் துளி இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும்.