நான் காணாமல் போன வருஷம்

ஞானம் வந்தவன் எப்போதும் சிரித்த முகமாக இருப்பான் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். எனக்கு அது வந்தது. வந்தது என்றுதான் மற்றவர்கள் சொன்னார்கள். அது இருந்த மாதங்களில் நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. அழவும் இல்லை. அழ முடிந்திருந்தால் பாதி கஷ்டம் தீர்ந்திருக்கும்.

யுத்தம் முடிந்திருந்தது. அரிசிக்கும் துணிக்கும் இன்னும் ரேஷன்தான். தூத்துக்குடியில் நான் சங்கு குளிக்கிறவனாக இருந்தேன். எங்கள் கடற்கரையில் மாதா கோயில் குடும்பங்கள்தான் அதிகம். எங்களைப்போலத் திருச்செந்தூரானைக் கும்பிடுகிறவர்கள் கொஞ்சம் பேர். கடலுக்குள் இறங்கிவிட்டால் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. காலில் ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு, கழுத்தில் ஒரு பை. கல்லோடு இறங்கி, அடி மணலைத் தடவிச் சங்கைப் பொறுக்க வேண்டும். மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றை அசைத்தால் மேலே வள்ளத்தில் இருப்பவன் தூக்கிவிடுவான். அசைக்காமல் தூக்கக் கூடாது. பாதியில் தூக்கினால் முங்குகிறவனுக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி கூடாது. அவன் பாகப்பிரிவினையை நினைத்துக்கொண்டு கொஞ்சம் அசந்துவிடலாம். மச்சினன் அசர மாட்டான். அசந்தால் அறுவது அவன் அக்காவின் தாலி.

எனக்குக் கயிறு பிடித்தவன் என் மனைவியின் தம்பி. சின்ன வயதில் அவனும் முங்கினவன்தான். காதில் சீழ் பிடித்ததால் மேலே உட்கார வந்தான். உட்கார்ந்த இடத்தில் அவனுக்குப் பிடித்தது ஞானப் பைத்தியம். நெற்றி நிறைய விபூதி. மீன் தொட மாட்டான். கடற்கரையில் பிறந்துவிட்டு மீன் தின்னாதவனை என்ன செய்வது? வள்ளத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, ‘நான் யார், நான் யார்’ என்று உள்ளுக்குள்ளே கேட்டுக்கொண்டிருப்பான். “ஒன் பேரு மறந்து போச்சுன்னா எங்கிட்ட கேளுலே, நான் சொல்லுதேன்” என்று நானே எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்றான். பத்து வருஷமாகத் தேடினான். ஒன்றும் வரவில்லை.

எனக்கு வந்தது. தேடாத எனக்கு.

வாடைக்காற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. முயல்தீவுக்கு வெளியே, தெளிந்த தண்ணீர். மணலில் பாதி புதைந்திருந்த ஒரு சங்கை எடுக்கக் கையை நீட்டினேன். கை போனது, சங்கு வந்தது, பையில் விழுந்தது. நடுவில், நீட்டியவனைக் காணவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தண்ணீர் இருந்தது, வெளிச்சம் இருந்தது, மூச்சு முட்டுவதும் இருந்தது. முட்டுவது யாருக்கு என்று பார்த்தால் அந்த இடம் காலி. பழக்க தோஷத்தில் கயிறு அசைந்தது, மேலே வந்தேன். முதல் இரண்டு மூன்று நாள் பாரம் இறங்கிய மாதிரி லேசாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் நரகம்.

ஆளே இல்லையென்றால் கஷ்டப்பட்டது யார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பயம் இருந்தது, பயப்படுகிறவன் இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள்ளே யாரோ அழுவது தெருவுக்குக் கேட்குமே, அந்த மாதிரி. கதவைத் திறக்கலாமென்றால் சாவி என்னிடம் இல்லை, நானே இல்லை.

சின்ன மகளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு கொதித்தது. என் மடியில் கிடத்திவிட்டு மனைவி வைத்தியரைக் கூப்பிட ஓடினாள். திரும்பி வந்து பார்த்தபோது பிள்ளை மடியிலிருந்து சரிந்து தரையில் கிடந்து அழுகிறது. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சல் தெரிந்தது, அழுகை கேட்டது. இது என் பிள்ளை என்ற ஒன்று மட்டும் எழவில்லை. மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஒங்களத்தான! ஒங்க மகதான! கல்லா நீங்க?” என்று கத்தினாள். பிறகு என் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். அடி விழுவது தெரிந்தது.   நான் செத்துப் போயிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். இது அதுவும் இல்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் அன்றிலிருந்து அவள் பிள்ளையை என் கையில் கொடுக்கவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனாள், டானிக் கொடுத்தார். கோடாங்கியிடம் கூட்டிப்போனாள், கடல்கன்னி பிடித்திருக்கிறாள் என்று வேப்பிலையால் விளாசினான். காயல்பட்டணத்துப் பள்ளிவாசலில் ஒரு பெரியவர் ஓதி ஊதுவார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனோம். அவர் என்னை வெகுநேரம் விசாரித்தார். பிறகு மெதுவாக, “தாயே, இது நோயில்ல. இதக் கேட்டு அழுது துவா செய்யுதவங்க உண்டு” என்றார். “எனக்கு எம் மாப்பிள்ள வேணும் வாப்பா” என்றாள் இவள். அவள் கேட்டதற்காக அவர் ஓதி ஊதி அனுப்பினார்.

கடைசியில் மச்சினன் தன் குருவிடம் கூட்டிப்போனான். திருச்செந்தூர் சத்திரத்தில் தங்கியிருந்த ஒரு சாமியார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். உள்ளே என்ன தெரிகிறது, வெளியே என்ன தெரிகிறது என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். அப்புறம் எழுந்து, அத்தனை பேர் பார்க்க, என் காலில் விழுந்தார்!

எனக்கு வந்த அவஸ்தை உங்களுக்குப் புரியாது. ஊர் ஊராக அலைந்து, இது போக மருந்து கேட்டால், மருந்து கொடுக்கிறவனே காலில் விழுகிறான். “சாமி, இத எடுத்துருங்க” என்றேன். “எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?” என்று சொல்லி அவர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். அந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் என் பிள்ளையின் காய்ச்சலை அவர் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மச்சினனுக்கு ஆறவில்லை. பத்து வருஷம் மீன் தின்னாமல் இருந்தவன் அவன். குரு விழுந்ததோ, அயிலைக் குழம்புக்கு ஆலாய்ப் பறக்கிற என் காலில். பொறாமை என்றால் பொறாமை, ஆசை என்றால் ஆசை. கடைசியில் அடக்க மாட்டாமல் கேட்டான்.

“அத்தான், அது எந்த எடம்?”

“எது?”

“ஒங்களுக்கு வந்துதே, அந்த எடம். அடையாளம் சொல்லுங்க.”

சங்கு கிடக்கிற இடத்துக்கு எங்களிடம் அடையாளம் உண்டு. மாதா கோயில் கோபுரமும் கலங்கரை விளக்குக் கூண்டும் இன்ன கோணத்தில் தெரிந்தால் இன்ன இடம் என்று கண்ணாலேயே கட்டி வைத்துக்கொள்வோம். அதைச் சொந்தக்காரனுக்குக்கூட லேசில் சொல்ல மாட்டோம். அவன் அதைக் கேட்டான். சங்கு கிடக்கிற மாதிரி ஞானமும் அந்த மணலில் கிடக்கிறது, இறங்கினால் பொறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டான். கடற்கரைக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் அந்தப் புத்தி போகாது. முன்னைய நானாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று வாய் அடையாளத்தைச் சொல்லிவிட்டது.

“என்னைய ஒருக்கா அங்கன எறக்குங்க. நீங்க கயித்தப் பிடிங்க” என்றான்.

“ஒனக்குக் காது ஆவாது” என்றேன்.

“காது போனாப் போவுது.”

வேண்டாம் என்று தடுக்க ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் இல்லை. சரி என்றது வாய். மறுநாள் காலை கடலுக்குப் புறப்படும்போது என் மனைவி வாசலில் நின்று அவனிடம் சொன்னாள்: “தம்பி, அவரு கயித்த அசைக்காட்டியும் நீ பாத்து இழுத்துருய்யா. அவருக்கு வரணும்னு தோணாது. எனக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?” பழக்கத்தில் நான் அப்போதும் முங்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன்; அவள் பயம் அதுதான். ஒரு நாள் நான் கீழேயே இருந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சரி சரி என்று நடந்தான்.

அந்த இடத்துக்கு வந்ததும் அவன் துண்டை அவிழ்த்துக் கல்லில் காலை வைத்தான். வள்ளத்தை நடத்துகிற தண்டலுக்குக் கோபம் வந்தது. “என்னவே இது, மொற மாறுது? மச்சினன் முங்க, அக்கா புருசன் கயிறு பிடிக்கிறதா? எங்கயாவது கண்டதுண்டா?” அவர் கேட்டதில் தப்பில்லை. இவன் போனால் என் வீட்டில் யார் தாலியும் அறுவதில்லை. அவனைப் பிடித்து வைக்க எந்தக் கட்டும் என்மேல் இல்லை. “ஒருக்காத்தான் அண்ணாச்சி” என்று கெஞ்சிவிட்டு அவன் இறங்கிவிட்டான்.

கயிறு என் கையில் ஓடியது. அடி தொட்டதும் நின்றது. வள்ளத்தின் அந்தப் பக்கம் இறங்கியிருந்த இன்னொருவர் சங்கோடு மேலே வந்து மூச்சு வாங்கினார். கயிறு அசையவில்லை. அவர் மூச்சு வாங்கி முடித்து, மறுபடி கல்லில் கால் வைத்தார்.

“என்னவே, அசையலையா?” என்றார் தண்டல்.

“அசையல.”

அவன் அசைக்க மாட்டான் என்று அப்போது தெரிந்தது. அசைக்கக் கூடாது என்றே இறங்கியிருக்கிறான். மூச்சு முட்ட முட்ட அந்த மணலில் உட்கார்ந்து, முட்டுவது யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருப்பான், பாவி. காது உடைந்திருக்கும். அக்கா சொன்னது மறந்திருக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று வள்ளத்தில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை, ஐயா. அவனை மேலே கொண்டுவர ஆசைப்படுகிற ஒன்றுகூட அங்கே இல்லை.

 ‘ஐயோ’ என்று ஒரு சத்தம் கேட்டது. மாதக்கணக்காக எந்தச் சத்தமும் யாருடையது என்று எனக்குத் தெரிந்ததில்லை. இது என் சத்தம். பூட்டை உடைத்துக்கொண்டு பயம் முழுவதும் என்மேல் வந்து விழுந்தது. என் மச்சினன், என் பெண்டாட்டியின் தம்பி, என் கையில் இருக்கிற கயிறு. இழுத்தேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. தண்டலும் ஓடிவந்து கை கொடுத்தார்.

மேலே வந்தபோது அவன் காதிலும் மூக்கிலும் ரத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது. வள்ளத்தில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினோம். இருமினான். தண்ணீர் கக்கினான். கண் திறந்ததும் அவன் கேட்டது இதைத்தான்:

“ஏன் தூக்குனீய? நான் அசைக்கலையே.”

ஓங்கி ஓர் அறை விட்டேன். என் வாழ்க்கையில் அவனை அடித்ததில்லை.

“கிட்ட வந்துட்டேன் அத்தான்” என்று அவன் அழுதான். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எனக்கும் கெடச்சிருக்கும். ஒங்களுக்குக் கெடச்சது எனக்குக் கெடைக்கக் கூடாதா?”

“வேண்டாம்லே. அங்க யாரும் இல்லலே. நீ செத்தாக்கூட அழ ஆள் கெடையாது அங்கன.”

அவன் ரத்தம் வழிகிற முகத்தோடு என்னையே பார்த்தான். பத்து வருஷமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை என்னிடம் திருப்பினான்.

“அப்போ, இப்பத் தூக்குனது யாரு?”

“நான்தாம்லே” என்றேன். “நான்தான். வேற யாரு?”

சொல்லிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். சாமியார் கும்பிட்டது எதுவோ அது போய்விட்டது. போனால் போகட்டும் என்று அழுதேன். தண்டல் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார். வீடு போய்ச் சேர்ந்ததும், மனைவி கேட்பதற்கு முன்னாலேயே, பிள்ளையைத் தா என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை. உள்ளே ஆள் திரும்பியிருக்கிறானா என்று என் முகத்தில் தேடிக்கொண்டு நின்றாள்.